தட்டினாளா

தட்டினாள். தட்டினாள் என்றுதான் என் கால் சொல்கிறது. ஆனால் காலின் பேச்சை எவ்வளவு தூரம் நம்புவது? மூன்று நாளாகச் சோறு தண்ணீர் சரியாகக் காணாத கால், எடை குறைக்க ரப்பர் சட்டை மாட்டிக்கொண்டு ஓட்டல் மாடிப்படியில் ஏறி இறங்கி ஏறி இறங்கிச் சலித்த கால், அதன் சாட்சியத்தை எந்தக் கோர்ட்டும் எடுத்துக்கொள்ளாது. தட்டாமலும் இருந்திருக்கலாம். இதோ எதிரே உட்கார்ந்திருக்கிறாள், கேட்டுவிடலாம், நடுவில் தண்ணீர் பாட்டில் அடுக்கிய ஒரு மேசை மட்டும்தான் இருக்கிறது. ஆனால் அவளுக்குத் தெரிந்தது கிர்கிஸும் கொஞ்சம் ரஷ்யனும், எனக்குத் தெரிந்தது தமிழும் இந்திய அணி கேம்ப்பில் கற்ற இந்தியும். அய்சுலு. அவள் கழுத்தில் வெண்கலம் தொங்குகிறது, வலது முழங்கையில் ஐஸ் பை. என் கழுத்தில் ஒன்றும் இல்லை, மடியில் ஒரு தண்ணீர் பாட்டில். இது டோப் டெஸ்ட் அறை, மூத்திரம் கொடுக்காமல் இங்கிருந்து யாரும் வெளியே போக முடியாது. மெடல் வாங்கியவர்களைப் பிடித்து வைப்பது நியாயம். தோற்றவர்களிலும் குலுக்கிப் போட்டு ஒருத்தியைப் பிடிப்பார்களாம், அந்த அதிர்ஷ்டம் எனக்கு அடித்தது. பிறந்ததிலிருந்து சுகிர்தா என்ற பெயருக்கு விழுந்த முதல் குலுக்கல் பரிசு இதுதான். நான் பாயை விட்டு இறங்கிய நிமிடத்திலிருந்து பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண் என்னோடு ஒட்டிக்கொண்டாள், நான் முகம் கழுவினால் கூட நின்றாள், அழலாம் என்று ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன், அங்கேயும் வந்து மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள், அவளை வைத்துக்கொண்டு எப்படி அழுவது, அழவில்லை. அய்சுலுவுக்கும் அதே மாதிரி ஒருத்தி காவல். நான்கு பெண்கள், சுவரில் ஒரு டிவி, ஒரு கழிப்பறைக் கதவு. எங்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை. உடம்பில் இருந்ததையெல்லாம் வியர்வையாக அந்த மஞ்சள் பாயில் கொட்டிவிட்டோம், இனி எங்கிருந்து வரும்.

திரும்ப முதலிலிருந்து பார்க்கிறேன். நான் வெள்ளைச் சட்டை, அவள் நீலம். வெண்கலத்துக்கான ஜூடோ ஆட்டம். அவள் என்னைத் தூக்கிப் போட வந்தாள், கால் இடறியது, இரண்டு பேரும் விழுந்தோம், விழும்போதே அவள் வலது கை என் கையில் மாட்டியது. மாட்டியதை விடுவேனா? காலைத் தூக்கி அவள் முகத்துக்கு மேல் ஒன்று, மார்புக்கு மேல் ஒன்று போட்டு, அவள் கையை என் இரண்டு தொடைக்கும் நடுவில் இழுத்துப் பின்னால் சாய்ந்தேன். ஆர்ம்லாக். இதற்குமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, இழுத்து நீட்டினால் போதும், ஒன்று அவள் தோற்றதாகத் தட்டவேண்டும் அல்லது முழங்கை பிசகவேண்டும். கை நீண்டது. நீள்வது எனக்குத் தெரிந்தது, முதலில் சதை விட்டுக்கொடுத்தது, பிறகு எலும்பு வந்து நின்றது, கதவைத் திறக்கும்போது கடைசியில் சுவரில் போய் முட்டுமே அந்த மாதிரி. அப்போதுதான் என் வலது கெண்டைக்காலில் டப் டப். இரண்டு தடவை. இரண்டா? இரண்டுதான். ஒன்றாக இருந்தால் தவறிப் பட்டது என்று விட்டுவிடலாம், மூன்றாக இருந்தால் சந்தேகமே இல்லை, இந்த இரண்டு இருக்கிறதே, இதுதான் என்னைக் கொல்கிறது. டப் டப் என்று பட்டதும் என் கை விட்டுவிட்டது. நான் விடவில்லை, கை விட்டது. விட்டுவிட்டு எழுந்து உட்காரப் போனேன், மனதுக்குள் ஜெயித்துவிட்டேன், அரை மூச்சு நேரம் நான் வெண்கலம். அவள் அப்படியே மல்லாந்து கிடந்தாள். கிடந்தாளா? கிடந்தாள், எழுந்திருக்கவே பார்க்கவில்லை, தோற்றவள்தான் அப்படிக் கிடப்பாள், பிறகு அவள் கண் ரெஃபரி பக்கம் போனது, என் கண்ணும் போனது. ரெஃபரி என் தலைக்குப் பின்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார், கையைத் தூக்கவில்லை, வாயைத் திறக்கவில்லை. என் முட்டிகள் மறைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான், நீலம் என்மேல் வந்து விழுந்தது, கழுத்தைச் சுற்றி ஒரு கை, என் முதுகு பாயில், கூரையில் விளக்குகள், நான் துடித்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. இருபது விநாடி முதுகு பாயில் பட அமுக்கிப் பிடித்தால் போதும், ஜெயித்துவிட்டாள். நான் தோற்றதைவிட, மல்லாந்தபடி அந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டு 'ஆனா நீ தட்டினியே, ஆனா நீ தட்டினியே' என்று மனதுக்குள் கத்திக்கொண்டிருந்ததுதான் அசிங்கமாக இருக்கிறது.

"ஏன் விட்ட?" பாயிலிருந்து இறங்கியதும் ஜெபராஜ் மாஸ்டர் கேட்டது இது ஒன்றுதான். நாசரேத்துக்காரர், கோபம் வந்தால் குரல் தணியும். "ஏட்டி, நீட்டி வச்ச கைய ஏன் விட்ட?" தட்டினாள் மாஸ்டர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அது வாய்க்குள்ளேயே கேள்வியாகிவிட்டது. தட்டினாளா? கை கோக்கப் பார்த்திருக்கலாமே. ஆர்ம்லாக்கில் மாட்டியவள் முதலில் செய்வது அதுதான், மாட்டாத கையால் மாட்டிய கையைப் பிடித்துக்கொள்வது. அவள் இடது கை தன் வலது கையைத் தேடி வந்திருக்கும், வியர்வையில் வழுக்கி என் காலில் பட்டிருக்கும், மறுபடி தேடி மறுபடி வழுக்கியிருக்கும். டப், டப். ஆகக்கூடியதுதான். நானே எத்தனை தடவை அப்படி வழுக்கியிருக்கிறேன். ஜூடோவில் முதல் நாள் விழக் கற்றுத் தருவார்கள், இரண்டாம் நாள் தட்டக் கற்றுத் தருவார்கள். தட்டினால் விடு, உடனே விடு, யோசிக்காமல் விடு, எதிரே இருப்பது உன் கூடப் பழகுகிறவளின் கை, நாளைக்கும் அந்தக் கை உனக்கு வேண்டும். நாளெல்லாம் அப்படியே விட்டு விட்டுப் பழகுகிறோம். போட்டிக்கு வந்தால் சட்டம் வேறு, ரெஃபரி வாயைத் திறக்கும்வரை விடாதே, அவள் தட்டட்டும், கத்தட்டும், கும்பிடட்டும், ரெஃபரி சொன்னால்தான் முடிவு. எல்லாருக்கும் தெரிந்த சட்டம், எனக்கும் தெரியும். தலைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவேண்டுமே. என் கைக்கு ஹேமப்ரியாவைத்தான் தெரியும். அயனாவரத்தில் எங்கள் கிளப், கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்து ஹால், மழை பெய்தால் பாயைச் சுருட்டி மேசைமேல் ஏற்றவேண்டும். அங்கே ஒருநாள் பயிற்சியில் ஹேமப்ரியா என் கையை நீட்டினாள், நான் தட்டினேன், அவள் விடவில்லை, திரும்பத் தட்டினேன், விடவில்லை, முழங்கைக்குள் ஈரக் குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம். இன்றைக்கும் என் இடது கை முழுதாக நீளாது, மேல் தட்டில் இருக்கும் டப்பாவை வலது கையால்தான் எடுப்பேன். ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வந்து கட்டிலோரம் உட்கார்ந்துகொண்டு கேட்டாள், "நீ தட்டினியாடி? சத்தியமா எனக்குத் தெரியலடி." அவள் சொன்னது உண்மையா பொய்யா என்று இத்தனை வருடமாகத் தெரியவில்லை. நான் தட்டியது ஒருத்திக்குத் தெரியவில்லை. ஒருத்தி தட்டாதது எனக்குத் தெரிகிறதா? நல்ல ஜோடி. ஒருவேளை என் உடம்பு அந்த நாளிலிருந்து எந்தப் பிடியில் போனாலும் ஒரு தட்டலை எதிர்பார்த்துக்கொண்டேதான் இருக்கிறதோ, எதிர்பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு எது பட்டாலும் அதுவாகத்தான் தெரியும். அப்படியென்றால் அவள் தட்டவில்லை. நான்தான் என் காலில் நானே தட்டிக்கொண்டேன்.

டிவியில் ரிசல்ட் ஓடுகிறது. ஐம்பத்தேழு கிலோ பெண்கள். ஒன்று, இரண்டு, மூன்று, மூன்று, ஐந்து, ஐந்து, ஏழு, ஏழு. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் குட்டிக் கொடி. இரண்டாவது மூன்றில் அய்சுலு, முதல் ஐந்தில் நான். அது போய் ஆண்கள் எடைப் பிரிவு வந்தது, பிறகு சுற்றிக்கொண்டு மறுபடி நாங்கள். ஜூடோவில் வெண்கலம் இரண்டு, இரண்டு ஆட்டம், இரண்டு பேர் ஜெயிப்பார்கள், இரண்டு பேர் தோற்பார்கள், தோற்ற இரண்டு பேரும் ஐந்தாவது. இந்த அறைக்குள் வரும்போது எங்கள் இரண்டு பேர் போனையும் வாசலில் வாங்கி வைத்துவிட்டார்கள், அதற்கு முன்னால் அம்மா கூப்பிட்டாள், தபால் ஆபீஸ் கவுண்டரிலிருந்து, பின்னால் முத்திரை குத்துகிற சத்தம் கேட்டது. "என்னடி ஆச்சு?" அஞ்சாவதும்மா. "அஞ்சாவதா? மூணுக்குத்தான் ஆடறேன்னு சொன்ன?" ஆமாம்மா, தோத்துட்டேன். "மூணுக்கு ஆடித் தோத்தா நாலுதானே?" நாலு கிடையாதும்மா. "நாலு யாருடி?" யாருமே இல்லம்மா, நாலுன்னே ஒண்ணு கிடையாது. "அதெப்படி, நாள் பூரா டோக்கன் குடுக்கறவ நான், மூணுக்கு அடுத்து நாலுதான வரும். யாருக்கும் இல்லன்னா அது உனக்குத்தான் வரணும், கேட்டுப் பாரு, மாஸ்டர விட்டுக் கேக்கச் சொல்லு." எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க ஆரம்பித்தால் வேறு மாதிரி முடியும் என்று தெரிந்ததால் போனை வைத்துவிட்டேன். ஆனால் அம்மா சொன்னது மண்டைக்குள்ளேயே நிற்கிறது. அந்த நாலு எங்கே போயிற்று? எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு இடம் காலியாகக் கிடக்கிறது, யாரும் நிற்காத இடம், அந்தத் தட்டல் அங்கேதான் கிடக்கிறது போல. அவள் பக்கமும் சேராமல், என் பக்கமும் சேராமல். என்ன உளறுகிறேன், தண்ணீர் குடித்தே போதை ஏறும் போலிருக்கிறது. பச்சைச் சட்டைக்காரி இன்னொரு பாட்டிலை நீட்டுகிறாள். குடிக்கிறேன். வயிறு பானையாகிவிட்டது, கீழே ஒரு அசைவும் இல்லை.

மெடல் இருந்தால் கேம்ப், இல்லையென்றால் அயனாவரம். மாஸ்டர் இதை விமானத்தில் வரும்போதே சொல்லிவிட்டார், சுற்றி வளைக்காமல், சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே. "ஒரு மெடலு, என்ன கலரா இருந்தாலும் சரி. அது இல்லாமத் திரும்பிப் போனம்னா உன் பேர வெட்டிருவாவ." என் எடையில் மணிப்பூர்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள், வயது பத்தொன்பது, காலையில் எழுந்திருக்கும்போதே சிரித்துக்கொண்டு எழுந்திருக்கிறாள், அவளுக்கு என் கட்டில், என் அலமாரி, என் முட்டைக் கணக்கு எல்லாம் போய்விடும். போகட்டும், நல்ல பெண்தான். நான் என்ன செய்வேன்? இருபத்தெட்டு வயதுக்கு எனக்குத் தெரிந்த ஒரே காரியம் அடுத்தவள் சட்டைக் காலரைப் பிடிப்பது. அதை வைத்துக்கொண்டு அயனாவரத்தில் எந்தக் கவுண்டரில் உட்காருவது? நீட்டிய கையை நீட்டியபடி இன்னும் ஒரு மூச்சு வைத்திருந்தால் போதும், கேம்ப், கட்டில், முட்டை எல்லாம் இருந்தது. திரும்பத் தட்டியிருந்தால் ரெஃபரிக்குத் தெரிந்திருக்கும், இல்லையென்றால் முழங்கை போயிருக்கும், இரண்டில் எது நடந்தாலும் நான் வெண்கலம். அவள் முழங்கை போயிருக்கும். அதையும் பார்க்கிறேன், மாட்டேன் என்றாலும் கண் அங்கேதான் போகிறது, ஐஸ் பைக்குக் கீழே கை வீங்கித்தான் இருக்கிறது. இந்த வீக்கத்துக்கு என்ன அர்த்தம்? இவ்வளவு வலித்திருந்தால் தட்டித்தான் இருப்பாள், ஆகவே தட்டினாள். இல்லை, தட்டுகிற ஆளாக இருந்தால் இவ்வளவு வீங்கும்வரை ஏன் பொறுத்தாள், ஆகவே தட்டவில்லை. ஒரே வீக்கம், இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிறது. கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது, வெளியே நடைவழியில் மாஸ்டர் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து போனில் அந்த ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மணி அடிக்கும், மறுபடி முதலிலிருந்து, மறுபடி மணி. அவர் கண்ணாடியில் குட்டியாக வெள்ளையும் நீலமும் உருள்வது இங்கிருந்தே தெரிகிறது. அந்த வீடியோவை எனக்கும் காட்டினார், இந்த அறைக்குள் வருவதற்கு முன்னால். என் முதுகும் ரெஃபரியின் கால்சட்டையும்தான் தெரிகின்றன. அவள் இடது கை எங்கேயும் இல்லை. அவ அசையாமக் கெடந்தா மாஸ்டர் என்று மட்டும் சொன்னேன். "அவ அசையாமக் கெடந்தான்னு சொல்லுத, இதுல ஒரு இமைக்கிற நேரம்கூட இல்லயே பிள்ள," என்றார். எனக்கு அது எவ்வளவு நீளமாக இருந்தது. நான் ஜெயித்து, ஊருக்குப் போய், அம்மா தெருமுனைவரை வந்து நிற்கிற அளவுக்கு நீளமாக இருந்தது.

அவளிடம் கேட்டும் பார்த்துவிட்டேன், என் பாஷையில். முதல் தடவை தற்செயலாக நடந்த மாதிரி, காலிப் பாட்டிலை நாற்காலிக் கையில் இரண்டு தட்டுத் தட்டினேன், டப் டப், தட்டிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிவியில் ஒன்றுமில்லை, அதே கொடிகள்தான். வேண்டுமென்றே திரும்பவில்லையா, இல்லை ஒரு பைத்தியக்காரி பாட்டிலைத் தட்டுகிறாள் என்று கண்டுகொள்ளவில்லையா? மறுபடி தட்டினேன், கொஞ்சம் பலமாக. இப்போது திரும்பினாள். சிரித்தாள். சின்னச் சிரிப்பு, பாட்டிலைக் காட்டி, தன் வயிற்றைக் காட்டி, கையை விரித்தாள்: எனக்கும் வரவில்லை. அவ்வளவுதான். தட்டிவிட்டு இல்லை என்று மறைக்கிறவள் இப்படிச் சிரிக்க முடியுமா? முடியும், ஏன் முடியாது, மெடல் வாங்கியவள் எப்படி வேண்டுமானாலும் சிரிக்கலாம். அல்லது அவளுக்கே தெரியாதோ? இது ஏன் எனக்கு இவ்வளவு நேரம் தோன்றவில்லை? கை முறியப் போகிற நேரத்தில் தட்டுவது யார், அவளா, அவள் கையா? நான் விட்டது எனக்குத் தெரியாமல் விட்டதுதானே, என்னைக் கேட்டா கை விட்டது? அதே மாதிரி அவளைக் கேட்காமலேயே அவள் கை தட்டியிருக்கலாம். அவளுக்குத் தெரியாது, ரெஃபரி பார்க்கவில்லை, கேமரா பார்க்கவில்லை, மாஸ்டரிடம் நான் சொல்லவே இல்லை. உலகத்தில் இது தெரிந்த ஒரே சாட்சி என் கெண்டைக்கால், அதையும் நான் நம்பவில்லை. எனக்கு மெடல்கூட வேண்டாம் போலிருக்கிறது, பொய், வேண்டும், ரொம்ப வேண்டும், ஆனால் அதைவிட இது தெரியவேண்டும். உடம்பை நம்பித்தான் பிழைப்பு. என் உடம்பு எனக்குப் பொய் சொல்கிறது என்றால் நான் அயனாவரத்துக்குப் போனாலும் எதைப் பிடித்துக்கொண்டு நடப்பேன்? மேல் தட்டு டப்பாவுக்குக்கூட யோசிக்கவேண்டும்.

கழிப்பறைப் பக்கத்துச் சின்ன அறையிலிருந்து ஒரு நர்ஸம்மா எட்டிப்பார்த்தாள். அய்சுலு எழுந்து நின்று தலையை ஆட்டினாள், வந்துவிட்டது போல. பாவி, இதிலும் எனக்கு முந்திவிட்டாள். நர்ஸம்மா தன் உடுப்பைத் தொட்டுச் சைகை காட்டினாள், மேல் சட்டையைக் கழற்று, கை முழுக்கத் தெரியவேண்டும், சட்டைக்குள் ஒன்றும் ஒளித்துக் கொண்டுபோகக் கூடாது. அய்சுலு முதலில் மெடலைக் கழற்றி மேசையில் வைத்தாள், தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவில், எனக்குக் கையெட்டும் தூரத்தில். பிறகு பெல்ட்டை அவிழ்த்தாள். ஆட்டத்தில் நீலம் போட்டிருந்தாலும் மெடல் வாங்க வெள்ளைதான் போடவேண்டும், அவளுக்கு யாரோ மாட்டிவிட்டிருக்கிறார்கள், போர்வை கனத்துக்கு இருக்கிற அந்தச் சட்டை இப்போது வீங்கிய முழங்கையில் இறுகிப்போய் இறங்க மறுத்தது. இடது கையால் இழுத்தாள், வரவில்லை. நர்ஸம்மா தொடக்கூடாதாம், பச்சைச் சட்டைக்காரிகளும் தொடக்கூடாதாம், மூன்று பேரும் சட்டம் தெரிந்தவர்களாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய கோச் ஆண்பிள்ளை, எங்கேயோ வெளியே இருக்கிறார். அய்சுலு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள், உதட்டைக் கடித்துக்கொண்டு. எனக்கு என்ன வந்தது? என் கழுத்தில் தொங்கவேண்டியதை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவள், இருக்கட்டும், இழுத்துக்கொண்டு கிடக்கட்டும். நான் எழுந்து போய் அவள் முன்னால் மண்டி போட்டேன். எப்போது எழுந்தேன் என்று கேட்டால் தெரியாது. முழங்கைக்கு மேல் துணியைச் சேர்த்துப் பிடித்து, மெதுவாக, மெதுவாகத்தான், மணிக்கட்டுப் பக்கம் இழுத்தேன். அவள் மூச்சில் ஆரஞ்சு வாசனை. துணி கொஞ்சம் நகர்ந்தது, இன்னும் கொஞ்சம், வீக்கத்தின் உச்சியில் வந்து சிக்கியது, அதையும் தாண்டிவிடலாம் என்று ஒரு இழு இழுத்தேன். டப் டப். என் தொடையில். என் கை விட்டுவிட்டது.

நான் மண்டியிட்டபடி இரண்டு கையையும் அந்தரத்தில் வைத்துக்கொண்டிருந்தேன், அவள் இடது கை இன்னும் என் தொடைமேல் கிடந்தது. இடம்தான் வேறு. விரல்களைச் சேர்த்து, உள்ளங்கை பாதி மடிந்து, முதல் தட்டு மெதுவாகவும் இரண்டாவது அவசரமாகவும், பாயில் பட்டது இதுதான், இதேதான், வழுக்கிய கை இப்படிப் படாது, தேடுகிற கை இப்படிப் படாது. ஒவ்வொருத்திக்கும் ஒரு தட்டு உண்டு, கையெழுத்து மாதிரி, கிளப்பில் கண்ணைக் கட்டிவிட்டால்கூட யார் தட்டுகிறாள் என்று சொல்லிவிடுவேன். அய்சுலு தன் கையைப் பார்த்தாள். வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், அவள் காது இரண்டும் சிவந்துவிட்டன. ஏதோ ஒரு சொல் சொன்னாள், ஒரே சொல், மன்னிப்பாக இருக்கலாம், வலிக்கிறது என்பதாக இருக்கலாம், எனக்குப் புரியவில்லை, புரியத் தேவையும் இருக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நேரத்தில் முதல் தடவையாக நல்ல தெளிவான கோபம், அந்த வெண்கலம் என்னுடையது, என்னுடையது. அதோடு சேர்ந்து, வெட்கமாக இருக்கிறது சொல்ல, சந்தோஷமாகவும் இருந்தது. சட்டையின் கைநுனியை அவளிடம் கொடுத்தேன், இந்தத் தடவை நான் துணியை அகட்டிப் பிடித்துக்கொள்ள அவளே கையை மெல்ல உருவினாள். உள்ளே போனாள். மெடலை எடுத்துக்கொள்ளவில்லை, அது மேசையிலேயே கிடந்தது.

மாஸ்டர் இரண்டு காகிதக் கப்பில் டீயோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பாலில்லாத டீ, இந்த ஊரில் கிடைப்பது அதுதான். மெடலைப் பார்த்தார். "இது யாருது?"

"அவளோடது." எழுந்து என் நாற்காலிக்கு வந்தேன். "மாஸ்டர், ஏன் விட்டேன்னு கேட்டீங்கல்ல."

"ஆமா, கேட்டேன்."

"அவ தட்டினா."

டீயை என் கையில் கொடுக்காமல் அப்படியே நின்றார். "வீடியோல இல்லயேட்டி. நானும் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு."

"வீடியோவுல இல்ல மாஸ்டர். என் கால்ல இருக்கு."

என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். நான் உளறுகிறேனா என்று பார்க்கிறார் என நினைத்தேன். பிறகு கப்புகளை மேசையில் வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புகார் எழுதிக் குடுப்பமா?"

"என்னன்னு எழுதுவீங்க? என் காலக் கூட்டிட்டுப் போயிச் சாட்சி சொல்லச் சொல்லுவீங்களா?"

"அதுவுஞ் சரிதான்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்பம் கேம்ப்ல கேட்டா என்ன சொல்ல?"

"அஞ்சாவதுன்னு சொல்லுங்க." மேசையிலிருந்த டீயை எடுத்துக்கொண்டேன். "தட்டினா, விட்டேன், அஞ்சாவது."

மாஸ்டர் போனை எடுத்துப் பார்த்து, அந்த வீடியோவை ஓடவிடாமல், மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டிவியில் மறுபடி எங்கள் எடைப் பிரிவு வந்தது, மூன்று, மூன்று, ஐந்து, ஐந்து. என் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. பச்சைச் சட்டைக்காரி மரியாதையாக வேறு பக்கம் திரும்பினாள். அடிவயிற்றில் மெல்ல ஒரு கனம் இறங்குவது தெரிந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. அவள் தோளைத் தொட்டுக் கூப்பிட்டு, கழிப்பறைக் கதவைக் காட்டினேன்.